கேத்தியில் பன்னிரண்டு ஒயிட் கிளவுட் மீன்கள்: ஒரு குளிர்நீர்த் தொட்டியின் முதல் வருடம்

நீலகிரி மலையில் கேத்தியில் என் அக்கா வீட்டு முன்னறையில் இரண்டடி நீள மீன் தொட்டி ஒன்று இருக்கிறது. ஹீட்டர் கிடையாது. தை மாதத்து விடியற்காலையில் அதில் கையை விட்டால் விரல் விறைத்துப்போகும். அந்தத் தண்ணீரில்தான் ஒயிட் கிளவுட் மீன்கள் கூட்டமாகத் திரிகின்றன. பங்குனியில் முட்டையிட்டன, குஞ்சு பொரித்தன. இன்று அந்த வீட்டிலேயே பிறந்தவை, கடையிலிருந்து வந்தவற்றைவிட எண்ணிக்கையில் அதிகம்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரே இரவில் நான்கு மீன்கள் செத்தன. "மலைக் குளிர், தாங்காமப் போச்சு" என்றுதான் வந்து பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். குளிர் அவற்றைக் கொல்லவில்லை. கொன்றது எது என்பதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம் என் அக்கா மகள். பத்தாவது படிக்கிறாள். தொட்டி வைத்த நாளிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டில் தினமும் காலை ஏழு மணிக்குத் தண்ணீரின் வெப்பநிலையையும், ஞாயிற்றுக்கிழமைகளில் பி.எச். (இது குறையக் குறைய நீர் அமிலமாகும்), கே.எச். (நீரில் கரைந்த கார்பனேட்டின் அளவு, இதையும் டிகிரியில் சொல்வார்கள்), அம்மோனியா அளவுகளையும் எழுதிவைத்திருந்தாள். இந்த ஆய்வில் வரும் அளவுகள் எல்லாம் அந்த நோட்டிலிருந்து எடுத்தவை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று எந்த மலை ஊரில் கலர் மீன் வளர்த்தாலும் இதே சிக்கல் வர வாய்ப்பிருப்பதால் முழுசாக எழுதுகிறேன்.

மீன்

ஒயிட் கிளவுட் நான்கு சென்டிமீட்டரைத் தாண்டாத மீன். கெண்டை இனத்தோடு உறவு கொண்டது. பழுப்பு உடம்பு, கண்ணிலிருந்து வால்வரை ஒரு வெளிர்கோடு, சிவப்பு வால், முதுகுத் துடுப்பிலும் சிவப்பு. சீனாவின் குவாங்சௌ நகரத்தை ஒட்டிய பாய்யுன் மலை ஓடைகளில் கிடைத்தது. பாய்யுன் என்றால் வெண்மேகம். மீனின் பெயர் அந்த மலையின் பெயர்தான். அதை முதலில் பிடித்துவந்தவர் டான் என்ற சாரணர் தலைவர். 1932-இல் லின் என்ற சீன ஆய்வாளர் அதை விவரித்தபோது, டானின் பெயரையும் மலையின் பெயரையும் சேர்த்து 'டானிக்திஸ் அல்போனூபிஸ்' என்று அறிவியல் பெயர் வைத்தார். பிற்காலத்தில் அந்த மலையிலேயே மீன் இல்லாமல் போனது. இயற்கையில் அற்றே போய்விட்டது என்று நெடுநாள் நம்பினார்கள். அப்புறம் குவாங்டோங்கின் வேறு சில ஓடைகளிலும், ஹைனான் தீவிலும், வியட்நாமிலும் சிறு கூட்டங்கள் கிடைத்தன. கடைகளில் நாம் வாங்குவது எல்லாம் பண்ணையில் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கியவை.

நம் மலைக்கு இது ஏன் பொருத்தம் என்றால், இதற்குப் பிடித்த வெப்பம் 14 முதல் 22 டிகிரி. கொஞ்ச நாளைக்கு என்றால் 5 டிகிரிவரை இறங்கினாலும் தாங்கும். நியான் டெட்ராவுக்கும் கப்பிக்கும் இதமாக இருக்கும் 25, 26 டிகிரியில்தான் இதற்குச் சிரமம், ஆயுள் குறையும். சமவெளியில் சித்திரை வெயிலில் இதை வளர்ப்பதற்கு ஐஸ் பாட்டில் மிதக்கவிட வேண்டியிருக்கும். கேத்தியில் தொட்டியை வைத்தால் போதும். ஜீப்ரா டேனியோவும் ஓரளவு குளிர் தாங்கும், ஆனால் மார்கழியில் 10 டிகிரிக்கு இறங்கும் வீட்டில் அதை வைக்க எனக்கு மனமில்லை. தங்கமீனுக்கு இரண்டடித் தொட்டி பத்தாது. அதனால் குன்னூரில் என் வீட்டில் மூன்று வருடமாக வளர்த்துப் பழகிய இந்த மீனையே அக்கா மகளுக்கும் சொன்னேன்.

கூட்டமாக இருந்தால்தான் இது மீனாக இருக்கும். இரண்டு மூன்று வாங்கிவிட்டால் மூலையில் ஒதுங்கி நிறம் வெளுத்துப்போகும். பத்துக்கு மேல் இருக்கும்போது ஆண்கள் ஒன்றுக்கொன்று துடுப்பை விரித்துக் காட்டிக்கொண்டு நாள் முழுக்கத் திரியும். அதனால் பன்னிரண்டு.

தொட்டி

அக்டோபரில் ஆரம்பித்தோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மணலும் கல்லும் போக ஐம்பது லிட்டர் தண்ணீர் பிடிக்கும். ஏர் பம்ப் ஒன்று, ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, ஆற்று மணல், ஜாவா மாஸ் என்கிற பாசி ஒரு கைப்பிடி. மூடி அவசியம், இந்த மீன் துள்ளும்.

தண்ணீர் வீட்டுக்கு மேலே உள்ள ஊற்றிலிருந்து குழாயில் வருவது. குளோரின் இல்லை. நீரில் கரைந்த உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 28 காட்டியது. கோயம்புத்தூரில் ஆழ்துளைக் கிணற்று நீரில் பல நூறு காட்டும் அதே மீட்டர்தான். குடிக்க அமிர்தம் போல இருக்கும் அந்தத் தண்ணீரைப் பார்த்து, மீனுக்கு இதைவிட நல்ல நீர் கிடைக்காது என்று நானும் சொன்னேன். கே.எச். சோதனையில் முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது; அதாவது ஒரு டிகிரிக்கும் கீழே. அதை அவள் ஒழுங்காக எழுதிவைத்தாள். நான்தான் அந்த எண்ணை அன்றைக்கு யோசிக்கவில்லை. இந்த வழக்கு முழுவதற்கும் வேர் அந்த ஒரு எண்.

நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட். மழைநீரில் சுலபத்தில் கரையாத பாறை. சுண்ணாம்புக்கல் உள்ள ஊரில் ஊற்று நீர் வழியெல்லாம் கார்பனேட்டைக் கரைத்துக்கொண்டு வரும். இங்கே கிட்டத்தட்ட மழைத்தண்ணீராகவே வெளியே வருகிறது. அப்படிப்பட்ட நீரில் அமிலத்தை ஏற்றுக்கொள்ளும் சரக்கு இருக்காது. மீன் தொட்டியோ ஓயாமல் அமிலத்தை உண்டாக்கும் இடம். மீன் கழிக்கும் அம்மோனியாவை ஃபில்டரில் குடியேறும் பாக்டீரியா நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. அந்த வேலையில் ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்கு ஏழு மில்லிகிராமுக்குச் சற்று மேலே கார்பனேட் சரக்கு செலவாகும். எங்கள் ஊற்று நீரில் லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு மில்லிகிராம்தான் இருந்திருக்கும். இரண்டு மில்லிகிராம் நைட்ரஜன் மாறுவதற்குள் கையிருப்பு காலி.

நோட்டில் இது தெளிவாகத் தெரிகிறது. அக்டோபர் கடைசியில் தண்ணீர் 17 டிகிரி, பி.எச். 6.8. நவம்பர் நடுவில் 15 டிகிரி, 6.4. டிசம்பர் இரண்டாம் ஞாயிறு 12 டிகிரி, 5.8. பி.எச். ஆறுக்குக் கீழே போனால் அந்தப் பாக்டீரியா வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடும். குளிரும் அதை மந்தமாக்கும். அதற்கு இதமான வெப்பம் 25 டிகிரிக்கு மேல். இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. அம்மோனியா நவம்பரில் 0.5 இருந்தது, டிசம்பர் நடுவில் 3 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு மூன்று மில்லிகிராம், ஆனது. இதற்கிடையில் மீன்களுக்குத் தீவனம் மூன்று வேளை. குளிரில் உடம்பு மந்தமானதால் அவை பாதியைத்தான் தின்றன, மீதி மணலுக்குள் போனது. வாரம் ஒரு வாளி மாற்றச் சொல்லியிருந்தேன். பரீட்சை நேரம், குளிர், வாளி கனம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை வாளி என்று ஆகிவிட்டது.

இவ்வளவு இருந்தும் மீன்கள் செத்துப்போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிறம் மங்கி, கீழே பாசிக்குள் ஒதுங்கியிருந்தன. அவ்வளவுதான்.

அந்த இரவு

டிசம்பர் மூன்றாம் வாரம் ஒரு சனிக்கிழமை மச்சான் வேலையாகக் கோயம்புத்தூர் போனவர் ஒரு மீன் கடையில் நிறம் மங்கியதைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். "ஊட்டிக் குளிர்ல ஹீட்டர் இல்லாம எந்த மீனும் நிக்காது சார். பி.எச்.சும் இறங்கியிருக்கு, ஒரு ஸ்பூன் ஆப்பச் சோடா போடுங்க, சரியாயிடும்" என்றாராம் கடைக்காரர். மகளின் மீன்கள் வாடியிருக்கின்றனவே என்ற அக்கறையில் மச்சான் ஹீட்டர் ஒன்றை வாங்கி வந்து, மாலை நாலு மணிக்கு 25 டிகிரியில் வைத்து, ஒரு டீஸ்பூன் ஆப்பச் சோடாவையும் கரைத்து ஊற்றிவிட்டார்.

இரவு ஒன்பதரைக்கு எனக்கு போன் வந்தது.

"மாமா, மீனெல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறக்குது. ரெண்டு சுத்திச் சுத்தி நீந்துது."

"தண்ணி எவ்வளவு சூடு கண்ணு?"

"இருபத்தி நாலு. காலைல பதினொன்னு மாமா."

"சோடா ஏதாச்சும் போட்டீங்களா?"

"அப்பா ஒரு ஸ்பூன் போட்டாரு. பி.எச். எட்டு காட்டுது."

அந்த இரண்டு பதிலிலும் முழு விஷயமும் இருந்தது. ஹீட்டரை உடனே அணைக்கச் சொன்னேன். ஊற்று நீரை அடுப்பில் வைத்துத் தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்து, பாதித் தண்ணீரை மாற்றச் சொன்னேன். இரவு பதினோரு மணிவரை அக்காவும் அவளும் குவளை குவளையாக ஊற்றினார்கள். அப்புறம் தொட்டியைச் சுற்றி இரண்டு கம்பளியைப் போர்த்தச் சொன்னேன், சூடு ஒரேயடியாக இறங்காமல் இருக்க. காலை முதல் பஸ் பிடித்துக் குன்னூரிலிருந்து போனபோது நான்கு மீன்கள் மணலில் கிடந்தன. மூன்று பெண், ஒரு ஆண். செவுள் கருஞ்சிவப்பாக வீங்கியிருந்தது. எட்டு உயிரோடு இருந்தன.

மச்சான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "நல்லதுன்னு நெனச்சுத்தான் மாப்ள செஞ்சேன்" என்றார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை. தண்ணீரின் கே.எச். எண்ணை அக்டோபரிலேயே பார்த்தும் பேசாமல் இருந்தவன் நான்.

ஏன் செத்தன

அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அம்மோனியம், மீனுக்குப் பெரிய கெடுதல் செய்யாது. இன்னொன்று தனி அம்மோனியா. செவுளை அரிக்கும் விஷம். சாதாரண டெஸ்ட் கிட் இரண்டையும் கூட்டித்தான் காட்டும். எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பவை பி.எச்.சும் வெப்பமும். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் நூறில் அரைப் பங்குக்குச் சற்று மேல்தான் விஷ வடிவம்; பி.எச். 8 ஆனால் நூறில் ஐந்து பங்குக்கு மேல். 10 டிகிரியில் இதே அளவுகள் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

சனிக்கிழமை காலையில் தொட்டியில் 11 டிகிரி, பி.எச். 5.8, மொத்த அம்மோனியா 3. கணக்குப் போட்டால் அதில் விஷ வடிவம் பத்தாயிரத்தில் ஒன்று சொச்சம்தான். குளிரும் அமிலமும் சேர்ந்து அந்த மூன்று பி.பி.எம்.மையும் பூட்டி வைத்திருந்தன. இரவில் 24 டிகிரி, பி.எச். 8. அதே மூன்று பி.பி.எம்.மில் இப்போது இருபதில் ஒரு பங்கு விஷம். ஏறக்குறைய 400 மடங்கு. புதிதாக எதுவும் தொட்டிக்குள் வரவில்லை. ஏற்கெனவே இருந்ததன் பூட்டுத்தான் திறந்தது.

கூடவே மூச்சு முட்டியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கேத்தி கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல். இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு, தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறைவு. 10 டிகிரியில் லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம் அளவுக்குப் பிடிக்கும் தண்ணீர், 24 டிகிரியில் ஆறரைதான் பிடிக்கும். அதே நேரம் சூட்டில் மீனின் மூச்சுத் தேவை ஏறுகிறது. ஐந்தரை மணி நேரத்தில் 13 டிகிரி ஏற்றம் ஒன்றே போதும் ஒரு சின்ன மீனை நிலைகுலைய வைக்க.

ஆப்பச் சோடா கெட்ட பொருள் அல்ல. முதல் வாரத்தில், அம்மோனியா இல்லாத தொட்டியில், சிட்டிகை சிட்டிகையாகப் போட்டிருந்தால் அது நல்ல மருந்து. அம்மோனியா ஏறிய பிறகு பி.எச்.சைத் தூக்குவதுதான் ஆபத்து. முதலில் தண்ணீர் மாற்றி அம்மோனியாவை இறக்க வேண்டும், அப்புறம்தான் பி.எச்.சைத் தொட வேண்டும். மலை ஊரில் மீன் வளர்ப்பவர்கள் இந்த வரிசையை மட்டும் மாற்றவே கூடாது.

மீட்டெடுத்தது

ஒரு வாரம் தினமும் ஒரு வாளி, அதாவது தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு, மாற்றினோம். தீவனம் மூன்று நாள் நிறுத்தம். மீன் பட்டினி கிடக்குமே என்று அக்கா தவித்தார், ஆனால் 12 டிகிரியில் இந்த மீனுக்கு மூன்று நாள் பெரிய விஷயமில்லை. குன்னூரில் என் தொட்டியில் ஒரு வருடமாக ஓடிய ஸ்பாஞ்சை, தொட்டித் தண்ணீரோடு ஒரு தூக்குச் சட்டியில் போட்டு பஸ்ஸில் எடுத்துவந்து இங்கே வைத்தேன். அது அழுக்காகப் பழுப்பு நிறத்தில் இருந்தது. கழுவித் தரட்டுமா என்று அக்கா கேட்டார். அந்தப் பழுப்பில்தான் நமக்கு வேண்டிய பாக்டீரியா இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் அலசினால் பஸ் டிக்கெட் காசு வீண்.

கார்பனேட் கையிருப்புக்குக் கடல் நுரை போட்டோம். நாட்டு மருந்துக் கடையில் கிடைப்பது. கணவாய் மீனின் உள் ஓடு. வெள்ளையாக, நகத்தால் கீறினால் மாவாக உதிரும். மீன் தொட்டிக்கு இதைவிட வசதியான பொருளை நான் பார்த்ததில்லை. தண்ணீர் அமிலமாக இருந்தால் வேகமாகக் கரையும், பி.எச். ஏழைத் தாண்டினால் கரைவது தானாகவே மெதுவாகிவிடும். அளவு தவறிப் போட்டுவிட்டோமே என்ற பயம் தேவையில்லை. நடுத்தர ஓடு ஒன்றை நான்காக உடைத்து, வெங்காயம் வாங்கிய வலைப்பையில் கட்டி, ஃபில்டரின் குமிழி ஏறும் இடத்தில் தொங்கவிட்டோம். கூடவே ஒரு பிடி கிளிஞ்சல். மூன்று வாரத்தில் கே.எச். 3 டிகிரிக்கு வந்தது, பி.எச். 7.0. பிப்ரவரி முதல் ஞாயிறு அம்மோனியா 0.25, மாசி நடுவில் சுழி.

அதே ஜனவரியில்தான் பனி கொட்டியது. பள்ளத்தாக்கில் கேரட் தோட்டமெல்லாம் விடியும்போது உப்புத் தூவியது போல வெள்ளையாக இருந்த ஒரு நாள், நோட்டில் தொட்டி வெப்பம் 9.5 என்று இருக்கிறது. வருடத்திலேயே அதுதான் குறைவு. எட்டு மீன்களும் மணலுக்குச் சற்று மேலே, ஒரே திசை பார்த்து, அசையாமல் நின்றன. பத்து மணி வெயில் ஜன்னல் வழியாகத் தொட்டியில் விழுந்ததும் ஒவ்வொன்றாக மேலே வந்தன. ஒன்றும் சாகவில்லை. டிசம்பரில் குளிர் கொன்றது என்ற பேச்சுக்கு அந்த ஒரு காலைப்பொழுதே பதில்.

அந்தக் குளிரில் 12 டிகிரிக்குக் கீழே போன நாட்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள்தான் தீவனம், அதுவும் நண்பகலில், எட்டு மீனுக்கு ஆள்காட்டி விரல் நுனியில் ஒட்டும் அளவு.

முட்டை

இந்த மீன் பருவம் பார்த்து ஒருமுறை முட்டையிடுவது அல்ல. நிலைமை பிடித்துவிட்டால் நாள்தோறும் சில முட்டைகளைப் பாசிக்குள் சிதறிக்கொண்டே இருக்கும். ஆனால் நல்ல குளிர்காலம் ஒன்றைக் கழித்துவிட்டு வெப்பம் மெல்ல ஏறும்போது வருகிற வேகம் தனி. வருடம் முழுக்க ஹீட்டர் போட்டு ஒரே சூட்டில் வைக்கும் தொட்டிகளில் அந்த வேகத்தை நான் கண்டதில்லை. மலை வீடு இந்த ஏற்ற இறக்கத்தை இலவசமாகத் தருகிறது. மார்ச் தொடக்கத்தில் 15 டிகிரி, பங்குனி பாதியில் 18, சித்திரையில் 20.

பெண் மீன்களின் வயிறு உருண்டது. தோட்டத்துப் பீப்பாயில் சேர்ந்த கொசுப்புழுவை வடிகட்டித் தினமும் நாலைந்து கொடுத்தோம். ஆண் பெண்ணுக்குப் பக்கவாட்டில் வந்து எல்லாத் துடுப்புகளையும் விரித்து, உடம்பு நடுங்க ஒரு வட்டம் அடிக்கும். அடித்துவிட்டுப் பாசிப் பக்கம் போய்த் திரும்பிப் பார்க்கும். பெண் வராவிட்டால் மறுபடி வரும். இதைப் பார்ப்பதற்கென்றே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார் மச்சான்.

முதல் முயற்சி தோற்றது. இருபது லிட்டர் டப்பா ஒன்றில் பாசியை நிரப்பி, ஒரு ஆண், இரண்டு பெண் விட்டு, மூன்று நாள் கழித்துப் பெரியவற்றை எடுத்துவிட்டோம். ஒரு மில்லிமீட்டர் அளவில் கண்ணாடி மணி போன்ற முட்டைகள், எண்ணிப் பார்த்ததில் முப்பதுக்கு அருகில். 18 டிகிரியில் மூன்றரை நாள் ஆயிற்று பொரிக்க. பதினொரு குஞ்சுகள் தெரிந்தன. கண்ணிமை மயிர் ஒன்று உதிர்ந்து கண்ணாடியில் ஒட்டினால் எப்படி இருக்கும், அப்படி. தலைப்பக்கம் இரண்டு கறுப்புப் புள்ளி கண்கள். இரண்டு நாள் அப்படியே ஒட்டிக்கொண்டு இருந்து, வயிற்றுப் பையில் உள்ள கரு தீர்ந்ததும் நீந்தத் தொடங்கின. அவித்த முட்டையின் மஞ்சளைத் துணியில் கட்டிப் பிழிந்து கொடுத்தாள். மஞ்சள் தண்ணீரில் கரைந்து மறுநாளே வாடை வந்துவிட்டது. நாலு குஞ்சு மிஞ்சின.

இரண்டாம் முறை இன்ஃபுசோரியா தயாராக இருந்தது. ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீரில் காய்ந்த கோஸ் இலை ஒரு துண்டு போட்டு வைத்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகும். சமவெளியில் மூன்று நாலு நாளில் ஆகிவிடும். கேத்தியில் முன்னறையில் வைத்தது பத்து நாளாகியும் கலங்கலாகவே இருந்தது. சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்தது ஆறே நாளில் தெளிந்து, டார்ச் அடித்துப் பார்த்தால் தூசி ஆடுவதுபோல உயிர்கள் ஆடின. குஞ்சு நீந்தத் தொடங்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே இந்தப் பாட்டிலைப் போட்டுவிட வேண்டும். பொரித்த பிறகு தேடினால் நேரம் கடந்துவிடும். முதல் ஆறு நாள் அதைத்தான் காலையும் மாலையும் சொட்டு சொட்டாக விட்டாள். ஃபில்டர் ஸ்பாஞ்சை டப்பாவுக்குள் ஒருமுறை லேசாகப் பிழிந்தோம், அந்தத் தூளிலும் குஞ்சுக்குத் தீனி உண்டு.

அப்புறம் ஆர்டீமியா. உப்பு நீரில் போட்டால் பொரிக்கும் சிறு இறால் வகை. குஞ்சு மீனுக்கு இதைவிட நல்ல தீவனம் கிடையாது. ஆனால் அதன் முட்டை ஒரே நாளில் பொரிக்க 26 முதல் 28 டிகிரி வேண்டும். 18 டிகிரியில் இரண்டு நாள் வைத்தும் பாதி பொரிக்கவில்லை. டிசம்பரில் வாங்கிய அந்த ஹீட்டர் இங்கேதான் பயன்பட்டது. ஒரு வாளி நல்ல தண்ணீரில் ஹீட்டரை வைத்து 27 டிகிரிக்கு ஏற்றி, ஆர்டீமியா பாட்டிலை அந்த வாளிக்குள் நிறுத்தி, காற்றுக்குழாய் ஒன்றைப் பாட்டிலுக்குள் விட்டாள். மறுநாள் காலையில் ஆரஞ்சு நிறத்தில் புகைபோல ஆர்டீமியா. அதைத் தின்ற குஞ்சின் வயிறு கண்ணாடி உடம்புக்குள் ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு குஞ்சிலும் அந்தப் புள்ளி இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்து நோட்டில் டிக் அடித்திருக்கிறாள்.

மூன்றாம் வாரத்தில் குஞ்சுகளின் பக்கவாட்டில் நீலப்பச்சைக் கோடு எரிய ஆரம்பித்தது. இளம் ஒயிட் கிளவுட்டில் மட்டும்தான் அந்தக் கோடு இவ்வளவு பிரகாசமாக இருக்கும். வளர வளர மங்கிவிடும். இருட்டறையில் பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால் சின்னச் சின்ன நியான் விளக்குகள் தண்ணீரில் போவது போல் இருக்கும். இந்த இரண்டாம் ஈட்டில் நாற்பது சொச்சம் பொரித்தது, இருபத்தேழு வளர்ந்தன.

இதற்குள் பெரிய தொட்டியில் யாரும் எதுவும் செய்யாமலே ஒரு குஞ்சு பாசிக்கு மேலே தலைகாட்டியது. அடுத்த வாரம் மூன்று. பாசி அடர்த்தியாக இருந்து, பெரியவற்றுக்கு வயிறு நிறைந்திருந்தால் இந்த மீன் தன் முட்டையையும் குஞ்சையும் தேடித் தின்பது மற்ற மீன்களைவிடக் குறைவு. முந்திப் பிறந்த குஞ்சுதான் பிந்திப் பிறந்ததைத் தின்னும். நிறையக் குஞ்சு வேண்டுமென்றால் தனி டப்பா. ஒரு கூட்டம் தன்போக்கில் நிலைத்தால் போதும் என்றால் பாசியும் பொறுமையும். வீட்டுக்கு இரண்டாவதுதான் நல்லது என்பது என் எண்ணம். தனி டப்பாவில் முதல் முறை மட்டும் செத்த குஞ்சுகள் ஏழு.

அதற்குப் பிறகு

ஜூலையில் காற்றும் மழையும் சேர்ந்து மரம் சாய்ந்து கம்பி அறுந்து, பதினேழு மணி நேரம் கரண்ட் இல்லை. ஏர் பம்ப் நின்றது. தண்ணீர் 15 டிகிரி. தீவனத்தை நிறுத்தி, மணிக்கொருமுறை ஒரு குவளை தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினார்கள். ஒரு மீனும் மேலே வந்து வாயைத் திறக்கவில்லை. குளிர்ந்த நீரின் பெரிய உதவி இது. ஸ்பாஞ்சை மட்டும் எடுத்துத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் போடச் சொன்னேன்.

குஞ்சுகள் பெருகியதும் ஒரு கேள்வி வந்தது. "மாமா, கொஞ்சத்த நம்ம ஓடையில விட்டா என்ன? குளிர்தானே, நல்லா இருக்குமே" என்றாள். நல்லா இருக்கும் என்பதுதான் பயம். கோயம்புத்தூர்ச் சாக்கடையில் விட்டால் ஒரு கோடையில் அழிந்துவிடக்கூடிய மீன், கேத்தி ஓடையில் நிலைத்துவிடும். நீலகிரியின் மேட்டுநிலத்து நீர்களில் ஏற்கெனவே வெளியிலிருந்து கொண்டுவந்த மீன்கள் நிறைய. அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து வளர்த்த ட்ரௌட் அப்படி வந்தது. சாதாக் கெண்டையின் ஜெர்மன் வகை 1939-இல் இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்தது. ஓடைக்கே உரிய தவளைக் குஞ்சும் பூச்சியும் புதிதாக ஒரு மீன் கூட்டத்துக்கு இரையாக வேண்டாம். தொட்டித் தண்ணீரைக்கூடக் கால்வாயில் ஊற்றாமல் கேரட் பாத்திக்கு ஊற்றுகிறாள். முட்டை ஒட்டியிருந்தாலும் மண்ணில் முடிந்துவிடும், நைட்ரேட் செடிக்கு ஆகும்.

ஆகஸ்டில் பத்துக் குஞ்சுகளைக் கோத்தகிரியில் ஒரு ஆசிரியர் வீட்டுக்குக் கொடுத்தோம். மீன் பையோடு உடைத்த கடல் நுரை ஒரு பொட்டலம், பாட்டிலில் ஸ்பாஞ்ச் பிழிந்த தண்ணீர், முதல் ஒரு மாதத்துக்கு ஒரு வேளைதான் தீவனம் என்று எழுதிய தாள். அவர் வீட்டுக் குழாய் நீரில் குளோரின் வாடை இருந்ததால், ஒரு நாள் திறந்து வைத்துக் காற்றடித்த பிறகே ஊற்றச் சொன்னோம். பத்தும் நன்றாக இருக்கின்றன.

பழைய எட்டில் ஒன்று செப்டம்பரில் போய்விட்டது. வாங்கும்போதே வயதான மீன் போலத் தெரிந்தது. இப்போது தொட்டியில் ஏழு பழையவை, இருபத்து நான்கு கேத்தியில் பிறந்தவை. முப்பத்தொரு மீனுக்கு ஐம்பது லிட்டர் நெருக்கம் என்பதால், பள்ளி விடுமுறைக்குள் மூன்றடித் தொட்டி ஒன்றுக்கு மச்சான் ஏற்பாடு செய்திருக்கிறார். அதிலும் முதலில் கடல் நுரைப் பை, பழைய ஸ்பாஞ்ச், மூன்று வாரம் சும்மா ஓட்டம், அப்புறம்தான் மீன்.

மறுபடி குளிர் இறங்கத் தொடங்கிவிட்டது. சென்ற ஞாயிறு நான் போனபோது வலைப்பையில் கடல் நுரை விரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. புதுத் துண்டு போட்டாள். அன்றைய பக்கத்தில் இப்படி இருக்கிறது: "நவம்பர் 2-ம் ஞாயிறு. 13.5 டிகிரி. பி.எச். 7.1. கே.எச். 3. அம்மோனியா 0. தீவனம் மதியம் ஒரு வேளை. கூட்டம் ஒண்ணா இருக்கு. இடதுபக்கப் பாசியில ரெண்டு ஆண் சண்டை, ரெண்டுமே இங்க பொறந்தது."